பேய்ப்படம் பார்த்துக் கார் ஓட்டுகிறவர்

நம்மிடையே ஓர் இனம் உண்டு. சூனியக்காரக் கும்பல் காரைத் துரத்துகிற அந்தக் காலத்துப் படங்களைப் பார்த்துப் பார்த்தே தலை நரைத்த இனம். இவர்கள் கார் ஓட்டும்போது முன்னுக்குப் பார்ப்பதில்லை. பின்னால் வருகிறவனைத்தான் பார்ப்பார்கள். மீன் லொறி லைற் அடித்தால் அது சைகை. பாட்டுப் போட்டுப் பாண் விற்கவரும் ஓட்டோ என்றால் மந்திரம். போன் அடித்தால் எடுக்கமாட்டார்கள். படத்தில் போனை எடுத்தவன்தானே முதலில் சாகிறான்?

என் மருமகன் கதிரவேல் இதில் முதல் தரம்.

அவருடைய மகள், என் பேத்தி நிஷாந்தினிக்கு வந்த சம்பந்தங்களெல்லாம் இவருடைய சந்தேகத்தால் வாசலோடு திரும்பிவிட்டன. இந்தமுறை வந்தது சம்பூர் ஊர் ஜதுர்சன். அவளுக்கே பிடித்த பொடியன். ராகுகாலத்துக்கு முன் பெண் பார்க்க வேண்டும் என்பது மாப்பிள்ளையின் தாய் இராசமலரின் கட்டளை. நிலாவெளி வீடு அவர்களுக்குத் தெரியாது. திருகோணமலை பஸ் நிலையத்தடியில் காத்திருந்து, வெள்ளைக் காரில் வருகிறவர்களுக்கு வழி காட்டுவது கதிரவேலின் பொறுப்பு. பின் சீற்றில் நான்.

வெள்ளைக் கார் இடையில் பழுதாகிவிட்டது. அதைச் சொல்லத்தான் பாவங்கள் விடாமல் போன் அடித்திருக்கிறார்கள். வந்ததோ வாடகைக்குப் பிடித்த கறுப்பு வான். முன்னுக்குக் கண்ணூறுக்குக் கட்டிய தேசிக்காயும் செத்தல் மிளகாயும் தொங்க, ஜன்னலால் தலையை நீட்டி, மயிர் காற்றில் பறக்க, இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு இராசமலர்.

"மாமி, இறுக்கிப் பிடியுங்கோ! கும்பல் வந்திட்டுது!"

"தம்பி, வடிவாப் பாருங்கோ. பட்டுச்சீலை கட்டியிருக்கிறா."

"பலி குடுக்கிற நாளிலை அதுகள் பட்டுத்தான் கட்டுங்கள்!"

உப்புவெளி றோட்டில் நாங்கள் பறந்தோம், வானும் பறந்தது. வழிகாட்டி போகிற வேகத்தில்தானே விருந்தாளியும் போகவேண்டும்? வீடு வந்தது. இவர் நிறுத்தவில்லை.

"நிப்பாட்டுங்கோ தம்பி!"

"பேயை வீட்டுக்குள்ளை விடச் சொல்லுறீங்களோ?"

வாசல் படலையில் பூவும் நகையுமாக நின்ற நிஷாந்தினிக்கு முன்னால் முதலில் அப்பா போனார். பிறகு மாப்பிள்ளை போனார். வேறொருத்தி என்றால் அழுதிருப்பாள். இவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்கூட்டியில் ஏறினாள்.

இறக்கக்கண்டிப் பாலத்தடியில் மாடுகள் றோட்டை மறித்துப் படுத்திருந்தன. கார் நின்றது, வான் நின்றது, கடைசியாக ஸ்கூட்டியும் வந்து நின்றது. நிஷாந்தினி அப்பாவைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே இராசமலரிடம் போனாள்.

"மாமி, ராகுகாலம் இன்னும் தொடங்கேல்லை. இஞ்சை வைச்சே பாருங்கோ. பிடிச்சிருக்கோ?"

இராசமலர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "என்ரை வீட்டுக்கும் இப்படி ஒருத்திதான் வேணும்" என்று மாடுகளுக்கு நடுவிலேயே பூ வைத்துவிட்டார். ஜதுர்சன் கேட்டது ஒன்றுதான்: "ஸ்கூட்டியிலை பின்னுக்கு ஏறட்டோ?"

கதிரவேல் கார்க் கதவைத் திறக்கவேயில்லை. "நல்ல ஆக்கள் மாதிரித்தான் வருவாங்கள், மாமி" என்றார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் மகளைத் தேடி வந்த பொடியனை, "பார்வை சரியில்லை, பின்னாலை ஏதோ இருக்கு" என்று கலைத்துவிட்டது யார்? அதற்கு முன்னறிவு என்று பெயர் வேறு வைத்திருப்பீர்கள். மகளையும் ஒருக்கால் கேட்டுப் பாருங்கள். கேட்கமுதல், ஸ்கூட்டித் திறப்பு கொழுவிய ஆணியில் தொங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.