கொம்பியூட்டர்க் கந்தோரில் ஒரு வேலை

புங்குடுதீவு

அன்புக்கும் மதிப்புக்குமுரிய மைத்துனர் ஆழ்வாப்பிள்ளைக்கு,

நயினை அம்மாள் துணையிருக்க, இங்கே உடம்பளவில் எல்லோரும் சுகம். மனதளவில் ஒருவருமில்லை. உமது முழங்கால் வலியைப் பிறகு விசாரிக்கிறேன். முதலில் என் முறைப்பாட்டைக் கேளும். தொலைபேசியில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பீர். நம் வீட்டில் போனில் கதைத்தால் குசினி முதல் கிணற்றடி வரை கேட்கும். இது மகன் கீர்த்திகன் காதில் விழக்கூடாது.

உமது மருமகன் உயர்தரம் சித்தியடைந்தபோது கணக்கியல் படிக்க விடலாம் என்றுதான் நான் நினைத்தேன். நீர்தான் ரொறன்ரோவிலிருந்து போன் எடுத்து, "மச்சான், கொம்பியூட்டர் படிக்க விடும். முடிக்க முதலே கொம்பனிக்காரர் வாசலிலை வந்து நிப்பாங்கள்" என்றீர். படிப்பு முடிந்து மாரியும் போய்க் கோடையும் தொடங்கப்போகிறது. வாசலில் வந்து நின்றவர் மின்சார மீற்றர் பார்க்கிறவர் மட்டுந்தான். விண்ணப்பித்த இடமெல்லாம் முன்னனுபவம் கேட்கிறார்கள். வேலை தராமல் அனுபவம் எங்கே கிடைக்கும் என்று நான் அவனைக் கேட்கிறேன், அவன் என்னைக் கேட்கிறான். அண்மையில் கொழும்புக் கொம்பனி ஒன்று கொம்பியூட்டர் வழியாகவே நேர்முகப் பரீட்சை வைத்தது. உமது தங்கச்சி சறோசா அவனுக்குத் திருநீறு பூசி அனுப்பிவிட்டு அறைக் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே ஒரு பெண்பிள்ளை மிக மரியாதையாகக் கேள்வி கேட்பது கேட்டது. நல்ல குடும்பத்துப் பிள்ளை போல் கிடக்கிறது, கலியாணம் ஆகிவிட்டதோ தெரியாது என்று சறோசா எனக்குக் குசுகுசுத்தாள். வெளியே வந்தவன், அது பிள்ளையில்லை, மெசின் என்றான். பொழுதுபட முதலே அந்த மெசின் இவன் வேண்டாமென்று எழுதியும் விட்டது. சோற்றில் கையை வைத்தபடி இருந்தவன், "அப்பா, நான் படிச்சதை அது இப்ப நிமிசத்திலை செய்யுது. என்னை என்னத்துக்கு எடுப்பாங்கள்?" என்றான். கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்து ஊருக்கே பதில் சொன்ன நான், அவனுக்கு இன்னொரு அகப்பை சோறு போட்டேன். அதன்பின் பின்னேரங்களில் தனியே பாலத்தடியில் போய் நிற்கிறான். யாரோ ஏஜென்சிக்காரனோடு கதைக்கிறானாம். காடும் கடலும் தாண்டி வெளிநாட்டுக்குக் கள்ளமாய்ப் போகிற வழியாம். சறோசாவுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அவள் இருக்கமாட்டாள்.

எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை, மச்சான். பல்லு வைத்தியரிடம் காட்டப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, வேட்டி சால்வையோடு பஸ் ஏறி, யாழ்ப்பாணத்தில் ஒரு கொம்பியூட்டர்க் கந்தோருக்குப் போனேன். நல்ல கதிரைகள் கிடக்க, பிள்ளைகள் நிலத்தில் பஞ்சுமூட்டைகளில் சாய்ந்து கிடந்தார்கள். அரைக்காற்சட்டையோடு ஒரு பெடியன் வந்தான். முதலாளியைக் கூப்பிடும் தம்பி என்றேன். தான்தான் முதலாளி என்றார். நானும் உடனே ‘நீரை’ விட்டு ‘நீங்களுக்கு’ மாறினேன். மகனைப் பற்றிச் சொல்ல அவர் பொறுமையாகக் கேட்டார். புதிதாக ஆள் எடுப்பதில்லை, இருக்கிறவர்களை வைத்திருக்கவே பாடுபடுகிறோம் என்றார். பிறகு, "ஐயா, வந்தது வந்தனீங்கள், இதை ஒருக்கா அமத்திப் பாருங்கோ" என்று ஒரு போனைத் தந்தார். அவர்கள் புதிதாய்ச் செய்துகொண்டிருக்கிற சாமானாம், வயதுபோனவர்கள் வைத்தியரைக் காண வீட்டிலிருந்தே இலக்கம் எடுப்பதற்காம். நான் கண் வைத்தியரை நினைத்துத்தான் அழுத்தினேன். அது என்னைப் பிரசவ விடுதியில் பதிந்துவிட்டது. அழிக்கப் பார்த்தேன், இரட்டைப் பிள்ளை என்று விழுந்தது. அவ்வளவு பிள்ளைகளும் எழும்பி வந்து என்னைச் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு ஏதோ குறித்துக்கொண்டாள். முதலாளி மட்டும் சிரிக்காமல் என் போன் இலக்கத்தைக் கேட்டு வாங்கினார். சால்வையை உதறிப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டவன், மண்கும்பான் தாண்டும்வரை பஸ்ஸில் தலை நிமிரவில்லை.

ஆகையால், எங்களை இந்தக் கொம்பியூட்டரில் ஏற்றிவிட்ட நீர்தான் இறக்கியும் விடவேண்டும். அவனுக்கு எடுத்து ஏஜென்சிக்காரனை விடச் சொல்லும். கொம்பியூட்டரையும் மறந்து அரசாங்கப் பரீட்சைக்குப் படிக்கச் சொல்லும். இந்த வீட்டிலிருந்து இனி ஒருவரும் கொம்பியூட்டர்க் கந்தோர் வாசல் மிதிப்பதில்லை. இது என் முடிவு.

மச்சாளுக்கு என் அன்பு. பிள்ளைகள் நோய்நொடியின்றி வாழட்டும். பனிக்குள் தலையை மூடிக்கொண்டு திரியும்.

இப்படிக்கு,
தலை கொதித்தபடி உமது மைத்துனன்
சிவகுரு

பி.கு.: உறையை ஒட்டப் போக அந்த முதலாளி போன் எடுத்தார். கீர்த்திகனுக்காக்கும் என்று பதறி எடுத்தேன். வேலை எனக்காம். அவருடைய பிள்ளைகள் ஒருவருக்கும் என்னைப்போலப் பிழையாய் அழுத்த ஏலாதாம். மெசினுக்கும் ஏலாதாம். என்னைப்போல வயதுபோனவர்கள் எங்கே பிழை விடுவார்கள் என்று பார்த்துத்தான் அந்தச் சாமானைத் திருத்தலாமாம். கிழமையில் மூன்று நாள் போய் என் பாட்டுக்கு அழுத்தினால் சம்பளம் தருவார்களாம். ஓம் என்றுவிட்டேன். மகனுக்கு எப்படிச் சொல்வதென்று தடுமாறித்தான் சொன்னேன். என்னையே பார்த்துக்கொண்டு நின்றவன் சிரிக்கத் தொடங்கி, சிரித்துச் சிரித்து நிலத்தில் இருந்துவிட்டான். சறோசா குசினியிலிருந்து ஓடிவந்து, விஷயம் தெரியாமலே தானும் சிரித்தாள். அவன் ஏஜென்சிக்காரனின் இலக்கத்தை என் கண்முன்னே அழித்தான். திங்கட்கிழமை தானே மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போவானாம்; நான் விடுகிற பிழைகள் ஏன் வருகின்றன என்று தனக்கும் பார்க்கவேண்டுமாம். முதலாளியிடம் கேட்டேன், வரட்டும் பார்ப்போம் என்றார். ஆகவே நீர் அவனுக்கு எடுக்கவேண்டாம். அப்படி எடுத்தாலும், அப்பாவுக்குப் போன் பழக்கு என்று மட்டும் சொல்லிப்போடாதேயும். பழகினால் வேலை போய்விடும் என்று முதலாளி கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.