வெளிமானுக்குப் பல் பார்த்த கதை

எனக்கு ஆடு தெரியாது. தலைமுறை தலைமுறையாக வயல்களில் ஆட்டுக்கிடை போடும் குடும்பத்தில் பிறந்துவிட்டு இதை வெளியே சொல்லக் கூடாது. (பிரியாணியில் வந்தால் கண்டுபிடிப்பேன். அதிலும் சில கடைகளில் சந்தேகம்தான்.) கோவில்பட்டியில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன்.

எனக்குப் பார்த்த பெண் செல்வி, ஒரு கல்லூரியின் விலங்கியல் காட்சிக்கூடத்துக்குப் பொறுப்பாளர். அவள் அப்பா கழுகுமலைப் பக்கம் பெரிய மந்தைக்காரர். ஆடு தெரியாதவனுக்குப் பெண் கிடையாது என்று தரகரிடமே சொல்லிவிட்டார். வீட்டில் பேசுமுன் நாங்கள் இருவரும் காட்சிக்கூடத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. போனால், துண்டை உதறித் தோளில் போட்டபடி அவள் அப்பாவும் நின்றார்.

சீசாவில் ஊறிய பாம்புகளையும் குண்டூசி குத்திய வண்ணத்துப்பூச்சிகளையும் செல்வி காட்டினாள். எதைக் காட்டினாலும் தலையாட்டினேன். அவளுக்கு போன் வந்தது, வெளியே போனாள். பாடம் பண்ணி நிறுத்தியிருந்த வெளிமான் முன்னால் அவர் நின்றார்.

"தம்பி, இது எத்தன பல்லு இருக்கும்?"

கீழ்த்தாடைப் பல்லை எண்ணித்தான் எங்கள் ஆட்கள் ஆட்டுக்கு வயது சொல்வார்கள். அந்த மட்டும் எனக்கும் தெரியும். 'தொடாதீர்கள்' என்ற பலகையை மரியாதையாக நகர்த்தி வைத்தேன். சந்தையில் பார்த்தபடி மானின் கழுத்தை இடது கக்கத்தில் இடுக்கி, கட்டைவிரலால் கீழுதட்டை இழுத்தேன். தாடை தனியாகக் கையோடு வந்தது. பின்னாலேயே வைக்கோல் வந்தது.

என்ன செய்வதென்று தெரியாமல், "நாலு பல்லு, மாமா" என்றேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாடையை வாங்கி நிதானமாக எண்ணினார்.

"ஆறு. எண்ணக்கூடத் தெரியல."

திரும்பி வந்த செல்வியின் முகம் வெளுத்துவிட்டது. "வேலைக்குச் சேந்து ரெண்டு மாசந்தான் ஆகுது" என்றாள். எனக்கு அவமானத்தைவிட பயம்தான் அதிகமாக இருந்தது, அவள் வேலைக்காக. தாடையைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு நேரே முதல்வர் அறைக்குப் போனேன். உடைத்தது நான்தான் என்றேன். ஏன் என்று கேட்டார். வயது பார்த்தேன் என்றேன். தாடையை மேஜையில் வைத்துவிட்டுக் கிளம்பச் சொன்னார். செல்விக்கு ஒன்றும் ஆகவில்லை.

சம்பந்தம் அத்தோடு முடிந்தது என்று கடைக்குப் போய்விட்டேன். மூன்றாம் நாள் தரகர் வந்து சம்மதம் என்றார். என்னால் நம்ப முடியவில்லை. பெண்ணின் அப்பா இப்படிச் சொன்னாராம்: "எண்ணத் தெரியாட்டி என்ன, படிச்சுக்கிடலாம். வாய்க்குள்ள கைய விடப் பயப்படல, வாத்தியாருகிட்டப் போகவும் பயப்படல."

மானின் தாடையைச் செல்வியே ஒட்டினாள். கொஞ்சம் கோணல். இப்போது அது கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கிறது.

கல்யாணமாகி ஒன்பது வருஷம் ஆகிறது. மாமனார் வீட்டில் இன்றும் யாராவது கொட்டாவி விட்டால் போதும், அடுப்படியிலிருந்து என் மாமியார் குரல் வரும்:

"வாய மூடுங்க, மாப்பிள்ள வந்துருக்காவ."