இரவல் நைனாவும் எங்கள் வீட்டு கிராமபோனும்

திருத்தணியில் எந்தப் பொருள் யாருடையது என்று ஒருவராலும் நிச்சயமாகச் சொல்ல முடியாதபடி செய்தவர் இரவல் நைனா.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மிக்ஸி ரிப்பேர் கடை வைத்திருந்தார். ஆனால் உயிர் முழுவதும் சாவி கொடுத்து ஓடும் பழைய கிராமபோன்கள் மேல். அவற்றுக்கு உதிரிபாகம் கடைகளில் கிடைக்காது. அதனால் ஒரு வீட்டுப் பெட்டிக்கு வேண்டியதை இன்னொரு வீட்டுப் பெட்டியிலிருந்து கழற்றி வருவார்.

எங்கள் வீட்டிலிருந்தது மாமனாருடைய பெட்டி. மூத்த மகனோடு இருக்க அரக்கோணம் போனபோது, "பத்திரம்மா" என்று மட்டும் சொல்லி என்னிடம் ஒப்படைத்தார். ஒவ்வோர் ஆடிக் கிருத்திகைக்கும் மலையிறங்கி நேரே வந்து பாட்டு கேட்பார். அந்த வருடம் கிருத்திகை நெருங்கும்போது ஸ்பிரிங் அறுந்துவிட்டது. மாமாவிடம் சொல்லலாமா, சொன்னால் ரத்த அழுத்தம் ஏறுமா, சொல்லாவிட்டால் அது பொய்யா? செய்தி தட்டச்சு செய்வதும் அழிப்பதுமாக இருந்துவிட்டு, பெட்டியை நைனாவிடம் கொடுத்தேன்.

சில நாள் கழித்து மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

"ஸ்பிரிங் கிடைச்சுதா நைனா?"

"ஆங், வந்துடுச்சிம்மா. உன் கைப்பிடி போயிடுச்சி."

"எங்கே?"

"பள்ளிப்பட்டுக்கு. தறிக்காரர் வூட்ல ஸ்பிரிங் குடுத்தாங்க. சும்மா வாங்கிகினு வர முடியுமா?"

"அப்போ எதை வச்சு சாவி கொடுக்கிறது?"

"கனகம்மாசத்திரம் டீக்கடைக்காரர் கிட்ட ஒண்ணு கீது. கவலப்படாத."

கவலைப்பட்டேன். கைப்பிடி வந்தது. ரெக்கார்டு வைக்கும் தட்டைக் காணோம்.

"டீக்கடைக்காரர் தட்டு கோணிக்கினு கெடக்குதும்மா, பாவம்."

"எங்க பெட்டியில எங்களுதுன்னு என்னதான் நைனா மிச்சம்?"

நிஜமாகவே யோசித்தார். "பெட்டி கீது. இப்போதைக்கு."

இதற்கிடையில் கீழே கிடந்த திருகு ஒன்றை மகள் விழுங்கிவிட்டாளோ என்று பதறி அவள் வாயைத் திறந்து பார்த்தேன். நைனாவும் ஆவலோடு எட்டிப் பார்த்தார். அவருக்கு அந்தத் திருகு வேண்டியிருந்தது.

கிருத்திகைக்கு முதல் நாள் பெட்டியை வீட்டுக்கே கொண்டுவந்தார். எல்லாம் இருந்தது. ஆனால் எங்கள் தட்டில் ஒட்டியிருந்தது சிவப்புத் துணி. இதில் வெளுத்துப்போன பச்சை வெல்வெட்.

"நைனா, நம்மளுது சிவப்பு!"

"மேல ரெக்கார்டு மூடிக்கும்மா. யாரு பாக்கப் போறாங்க?"

அதுவும் சரியென்று தோன்றியது. சரியில்லை என்றும் தோன்றியது. மாமா வருவதற்கு முன்பே ஒரு ரெக்கார்டை வைத்துப் பச்சையை மறைத்தேன்.

மொட்டைத் தலையில் சந்தனத்தோடு வந்த மாமா, முதல் வேலையாக ரெக்கார்டைத் துடைக்க எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றார். காபி டம்ளரைக் கீழே வைத்தேன்.

"மாமா, நம்ம தட்டு வந்து... நைனா..."

"இதுதான்மா நம்ம தட்டு," என்றார். விரலால் துணியைத் தடவினார். "உங்க அத்தையோட ஜாக்கெட்டை வெட்டி நான் ஒட்டினது. நீ இந்த வூட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே நைனா தூக்கிகினு போயிட்டான். அவ போனப்புறம் திருப்பிக் கேட்டேன். எந்த வூட்ல கீதுன்னு மறந்துட்டேன்னான்."

அன்று அவர் பாட்டு கேட்கவில்லை. சாவி கொடுத்து, வெறும் தட்டைச் சுற்றவிட்டு, பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

தெரிந்துதான் கொண்டுவந்தாரா? மறுநாள் நைனாவையே கேட்டேன். "எந்தத் தட்டும்மா?" என்றார். இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

போன தை மாதம் கடையைக் காலி செய்துவிட்டு நகரியில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது எங்கள் கிராமபோன் ஊசி டப்பாவையும் கொண்டுபோயிருக்கிறார். "கூரியரில் அனுப்பச் சொல்லவா?" என்று என் கணவர் கேட்டார்.

வேண்டாம் என்றேன். அவர் கையாலேயே கொண்டுவந்து தரட்டும்.