முன்விளக்குத் தேர்வுக் குழு

நெருப்பைக் கண்டுபிடித்த ஆதிமனிதனுக்குப் பிறகு வெளிச்சத்தைப் பற்றி ஆழ்ந்து சிந்தித்தவர் அந்த வீட்டுச் சிகிச்சை நிறுவனத்தின் மேலாளர் ஒருவர்தான். ஆதிமனிதனுக்குக் குழு கிடையாது. அவசரப்பட்டுக் கல்லை உரசிவிட்டான். மேலாளர் அப்படி அவசரக்குடுக்கை அல்ல.

படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கு வீடு தேடிப் போய் ஊசி போடும் நிறுவனம் அது. நர்ஸுகளை முன்பு வேன் கொண்டுபோய் விட்டது. 'பசுமைப் பயணம்' என்ற திட்டம் பிறந்ததும் வேன் மேலாளர் வீட்டு வாசலுக்குப் போனது, நர்ஸுகளுக்குச் சைக்கிள் வந்தது. ராத்திரி ஷிப்ட் நர்ஸுக்கு வாய்த்தது கால்வாய்க் கரைச் சாலை. அங்கே தெருவிளக்கும் இல்லை, தடுப்புச் சுவரும் இல்லை. தையற்காரரான அவள் கணவர் டார்ச்சுக்கு ஒரு துணிப்பை தைத்து ஹேண்டில்பாரில் கட்டிக் கொடுத்திருந்தார். அந்த டார்ச்சை நம்பித்தான் அவள் உயிரே இருந்தது.

அது மேலாளர் கண்ணில் பட்டுவிட்டது.

"என்னம்மா இது, மூட்டை முடிச்சு?"

"டார்ச் சார். வழி தெரியணுமே."

"நம்ம 'தோற்றம்' என்ன ஆகுறது? கழட்டுங்க. முறைப்படி ஒரு முன்விளக்கு வாங்கிடலாம்."

நர்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படியும் ஒரு மனிதரா!

உடனே குழு அமைந்தது: மேலாளர், கணக்கர், விளம்பர ஆலோசகர். மூவரும் காரில் வருபவர்கள். ஆகவே சைக்கிள் விஷயத்தில் பாரபட்சத்துக்கு இடமே இல்லை. கூட்ட அறையில், பட்டப்பகலில், விளக்குகளைப் பரப்பி வைத்துச் சோதனை நடந்தது. நர்ஸையும் மரியாதையோடு அழைத்திருந்தார்கள், சைக்கிளைப் பிடித்துக்கொள்ள.

"சார், ஜன்னலைச் சாத்திட்டு இருட்டுல பார்த்தா நல்லாத் தெரியும்" என்றாள் அவள்.

"இருட்டுல எப்படிம்மா பார்க்கிறது?" என்றார் கணக்கர். அந்தக் கேள்வியின் கூர்மையைக் குழு குறிப்பேட்டில் பதிவு செய்துகொண்டது.

ஆலோசகர் எழுந்தார். "அடிப்படைக்கே போவோம். விளக்கு எதுக்கு? நாம பார்க்கவா, நம்மளைப் பார்க்கவா?"

"ரோட்டைப் பார்க்க சார்."

"அது பழைய சிந்தனைம்மா."

முடிவு ஒருமனதானது. ஹேண்டில்பாருக்கு முன்னால் நிறுவனத்தின் பெயர்ப்பலகை, கீழே 'உங்கள் வழியில் நாங்கள்' என்ற வாசகம். அதற்கும் முன்னால் நீட்டிய கம்பியில் விளக்கு, பலகையைப் பார்த்துத் திரும்பியபடி. விலை உயர்ந்த விளக்கு. தங்க எழுத்துகள் தகதகவென்று ஜொலித்தன.

"சார், என் டார்ச்சும் ஒரு ஓரமா இருக்கட்டுமே..."

"ரெண்டு விளக்கா? அப்புறம் பசுமைக்கு என்னம்மா அர்த்தம்?"

முதல் ராத்திரியே அவள் கால்வாயில் விழுந்தாள். தேர்வின் மகத்துவம் அப்போதுதான் புலப்பட்டது. அவள் விழுந்ததை அக்கரையில் இருந்தவர்கள்கூடத் தெளிவாகப் பார்த்தார்கள். பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். தண்ணீருக்குள்ளும் விளக்கு அணையவில்லை. ஊசிக்காகக் காத்திருந்த நோயாளி மட்டும் விடியும்வரை வலியில் துடித்தார். பாவம், அவர் வீட்டிலிருந்து பலகை தெரியாது.

ஆஸ்பத்திரிக்கு மேலாளர் ஆப்பிளோடு வந்தார்.

"எந்த அளவுக்கு அடி?"

"கால் ரெண்டு இடத்துல உடைஞ்சிருக்கு சார்."

"நான் சைக்கிளைக் கேட்டேன்ம்மா."

கட்டிலோரம் உட்கார்ந்திருந்த தையற்காரர் விருட்டென்று எழுந்தார். நர்ஸ் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். மேலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நிறுவனச் சொத்துக்குச் சேதம். நீங்க ஒரு விளக்கம் கொடுத்தாகணும்."

"நான் உங்ககிட்ட கேட்டது விளக்கு. நீங்க என்கிட்ட கேட்கிறது விளக்கமா?" என்றாள் அவள். "அதையும் உங்க விளக்கே கொடுத்திருச்சு சார். என்னைக் கால்வாய்ல தள்ளினது யாருன்னு, தங்க எழுத்துல, அக்கரை வரைக்கும் தெரிஞ்சுது."