டாக்டர் மரமேறிய கதை

பல் டாக்டரின் பேன்ட் பாக்கெட்டில் அது சரசரத்துக்கொண்டே இருந்தது.

தக்காளி வாங்கப் போனவர் துணிப்பையை மறந்துவிட்டார். கடைக்காரர் பழக்க தோஷத்தில் வெள்ளைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுக்க, இவரும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். தக்காளியைக் கூடையில் கொட்டியாயிற்று. கவரை என்ன செய்வது? குப்பைக்கூடையில் போட்டால் தொலைந்தார். மனைவி குப்பையைக் கிளறிப் பார்க்காமல் வெளியே அனுப்ப மாட்டாள்.

அந்தக் குடியிருப்பின் பிளாஸ்டிக் ஒழிப்புக் குழுத் தலைவியே அவள்தான். மாடி வீட்டு வக்கீலையே ஒரு பிளாஸ்டிக் ஸ்பூனுக்காகக் கூட்டத்தில் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்க வைத்தவள். ஊரையே வாயைத் திறக்க வைக்கும் டாக்டர், வீட்டில் மட்டும் வாயைத் திறந்ததில்லை.

செல்போன் அலறியது. அவள்தான்.

“என்னங்க, வீட்லதானே இருக்கீங்க? குழுவோட வந்துட்டிருக்கேன். ‘பிளாஸ்டிக் இல்லாத வீடு’ன்னு முதல் போர்டு நம்ம வாசல்லதான் மாட்டப் போறாங்க.”

“இப்பவேவா?”

“ஏன், குரல் ஒரு மாதிரி இருக்கு?”

“தொண்டை கரகரங்குது...” என்றார். பாக்கெட்டும் கூடவே சரசரத்தது.

தனக்குக் கெட்ட பேர் வந்தால் போகட்டும். அந்த வக்கீல் முன்னால் அவள் தலைகுனிந்து நின்றால்?

கழிப்பறைக்கு ஓடினார். கவரை உள்ளே போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டார். அது போகவில்லை, தவளை மாதிரி உப்பிக்கொண்டு மேலே வந்தது. இன்னொரு முறை திறந்தார். இப்போது தண்ணீரும் மேலே ஏறி, தரையில் வழிந்தது.

பல் பிடுங்கும் பழைய குறடு ஒன்றைத் தேடி எடுத்து வந்தார். கடைவாய்ப் பல்லைப் பிடிப்பதுபோல் பிடித்து ஒரே இழுப்பு. சொட்டச் சொட்ட வந்ததைப் பாக்கெட்டில் வைக்கவா முடியும்? சோப்புப் போட்டு அலசி, பால்கனிக் கொடியில் காயப் போட்டுவிட்டு, தரையைத் துடைத்தார்.

திரும்பி வந்து பார்த்தால் கொடி காலி. காற்று தன் வேலையைக் காட்டிவிட்டது.

எட்டிப் பார்த்தார். கேட்டை ஒட்டிய மரத்தில், வருகிறவர் கண்ணில் படாமல் போகவே முடியாத கிளையில், வெள்ளையாக ஒன்று படபடத்துக்கொண்டிருந்தது.

ஒட்டடைக் கம்போடு இறங்கி ஓடினார். எட்டவில்லை. வாட்ச்மேனின் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். அப்போதும் எட்டவில்லை. செருப்பை உதறிவிட்டு மரத்திலேயே ஏறிக் கவரைப் பிடித்தார். பிடித்த பிறகுதான், தனக்கு இறங்கத் தெரியாது என்பது உறைத்தது.

கேட் திறந்தது. முன்னால் மனைவி, பின்னால் குழு, கையில் போர்டோடு வக்கீல்.

“என்னங்க! அங்க என்ன பண்றீங்க?”

டாக்டர் ஒரு கையில் கவரோடு, மறு கையால் கிளையை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

“அடடே, மரமேறிப் பிளாஸ்டிக் பொறுக்கறார் பாருங்க! தலைவி வீட்டுக்காரர்னா சும்மாவா!” என்று வக்கீல் கைதட்டினார். குழுவும் தட்டியது. டாக்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மனைவி மட்டும் கைதட்டவில்லை. கவரைப் பார்த்த அவள் முகத்தில் ஈயாடவில்லை.

வாட்ச்மேன் ஓடி வந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, அக்கறையோடு குரல் கொடுத்தார்.

“பார்த்து இறங்குங்க சார்! அது காலைல அம்மா காயப் போட்டுப் பறந்தது. நீங்க காயப் போட்டது அதோ, வக்கீல் சார் கார் மேல கிடக்கு!”