முப்பத்திரண்டு என்டர்

சோம்பேறியாக இருப்பதற்காக அவரைப்போல் உழைத்த இன்னொரு மனிதரை விழுப்புரம் ஜில்லா பார்த்ததில்லை. எங்கள் பார்சல் கம்பெனியின் விழுப்புரம் ஆபீசில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டவர். சம்பளப் பட்டியலில் ஏதோ ஒரு பெயர் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் 'ஒரேதடவை'.

எதையும் இரண்டாம் முறை செய்ய மாட்டார். ஒரே துணித் தானில் ஏழு சட்டை தைத்துக்கொண்டு, காலையில் எதைப் போடுவது என்ற யோசனையையே ஒழித்தவர். ஆபீஸ் வாசலில் நின்று, "எல்லாருக்கும் வணக்கம், சாயங்காலம் வரைக்கும் இதான்" என்று சொல்லிவிட்டுப் போய் உட்காருவார். திண்டிவனத்திலிருந்து தினமும் அவரோடு ரயிலில் போய்வந்த எனக்கும் தனி வணக்கம் கிடையாது. பேச்சு காதில் விழாமல் "இன்னா சார்?" என்று கேட்டால், "சொல்லிட்டேங்க" என்பார்.

இப்பேர்ப்பட்டவரிடம் முப்பத்திரண்டு கம்ப்யூட்டர்களை ஒப்படைத்திருந்தார்கள். புது சாஃப்ட்வேர் வந்தால் ஒவ்வொன்றின் முன்னாலும் உட்கார்ந்து, சிடியைப் போட்டு, அது கேட்கும் இருபது கேள்விக்கும் பதில் தட்ட வேண்டும். முப்பத்திரண்டுக்கும் ஒரே பதில்தான். இந்த அநியாயத்தை ஒழிக்க ஆறு மாதம் மெனக்கெட்டு ஒரு புரோகிராம் எழுதினார். தன் அறையிலிருந்து ஒரு உத்தரவு போட்டால், எல்லாக் கம்ப்யூட்டரும் தாமே பழையதை அழித்து, புதியதை ஏற்றி, கேள்விகளுக்கும் தாமே பதில் சொல்லிக்கொள்ளும்.

"கையால பண்ணியிருந்தா மூணு நாள்ல முடிஞ்சிருக்குமே சார்?" என்றேன்.

"அடுத்த தடவை மறுபடியும் மூணு நாள் பண்ணணுமே" என்றார், நிஜமான பயத்தோடு.

மேனேஜருக்குப் பொறுமை போய்விட்டது. சென்னையிலிருந்து ஒரு கான்ட்ராக்ட் பார்ட்டியை வரச் சொல்லிவிட்டார். "விஜயதசமி அன்னிக்குப் பத்து மணிக்கு எல்லா மிஷினும் புதுசுல ஓடணும். கை வைக்காம ஓடும்னு நீங்கதான் சொன்னீங்க. ஓடலைன்னா அவங்ககிட்ட வேலைய குடுத்துடறேன், நீங்க வேற எடம் பாத்துக்கோங்க." ஒரேதடவைக்கு நாற்பத்தைந்து வயது, படிக்கிற பிள்ளைகள் இரண்டு.

அதற்கு முதல் நாள் ஆயுத பூஜை. பூஜை முடிந்து பூட்டினால் மறுநாள் வரை ஒருவரும் கம்ப்யூட்டரைத் தொட மாட்டார்கள் என்பதால் அன்றைக்கே நேரம் குறித்து உத்தரவைப் போட்டு வைத்திருந்தார். பூஜை அந்த நேரத்தையும் தாண்டி இழுத்துவிட்டது. சந்தனமும் குங்குமமும் வைத்த முப்பத்திரண்டு கம்ப்யூட்டருக்கும் அட்டெண்டர் ஏழுமலை கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தபோது, எல்லாத் திரையும் ஒருசேர விழித்துக்கொண்டன. கேஷியர் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"சார், பூஜைல வச்ச ஆயுதத்த வேலை வாங்கலாமா? சாமி குத்தமாயிடும். நான் மெயின அணைச்சிடறேன்" என்றார் ஏழுமலை.

"நான் எங்க வேலை வாங்கறேன்? அதுங்களா பண்ணிக்கினு இருக்குது. யாராவது கை வச்சாங்களா, நீங்களே பாருங்க."

ஏழுமலை ஒரு சுற்று சுற்றிவந்து பார்த்தார். "அதுங்களா பண்ணா நம்மள சேராது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, ஆபீசைப் பூட்டி சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

மறுநாள் எங்கள் ரயில் தாமதம். நாங்கள் நுழைந்தபோது மேனேஜர், கான்ட்ராக்ட் பார்ட்டி, ஸ்டாஃப் எல்லாரும் நடுக்கூடத்தில் நின்றிருந்தார்கள். முப்பத்திரண்டு திரையிலும் ஒரே வரி: தொடரலாமா? என்டர் தட்டவும். நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டே நின்றிருக்கின்றன. இருபது கேள்விக்குப் பதில் எழுதியவர் இருபத்தோராவதைக் கோட்டை விட்டிருந்தார்.

"அதுவா முடிஞ்சிருக்கும்னீங்களே?" என்றார் மேனேஜர். கான்ட்ராக்ட் பார்ட்டி ஃபைலைத் திறந்தார். ஒரேதடவையின் முகத்தில் ஈயாடவில்லை. அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"சார், அவர்தான் இதோட நிறுத்தி வச்சிருக்கார். விஜயதசமி ஆச்சே, அவங்கவங்க ஆயுதத்த அவங்கவங்கதான தொட்டு ஆரம்பிக்கணும்? மொதல்ல நீங்க தட்டுங்க."

மேனேஜர் செருப்பைக் கழற்றினார். கண்ணை மூடி வேண்டிக்கொண்டு என்டர் தட்டினார். பிறகு ஆளாளுக்குத் தட்டினார்கள். ஒருவர் லீவு. பக்தி மிகுதியில் அவருடைய மிஷினைக் கான்ட்ராக்ட் பார்ட்டியே தட்டிவிட்டார். அரை மணியில் முப்பத்திரண்டும் புதிதாக ஓடின. "நல்ல மனுஷன், சம்பிரதாயம் தெரிஞ்சவர்" என்று மேனேஜர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். கான்ட்ராக்ட் பார்ட்டி பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனார்.

சாயங்கால ரயில் மயிலம் தாண்டியது. ஒரேதடவை மெல்லச் சொன்னார்: "டெஸ்ட் பண்ணும்போது பழக்கதோஷத்துல கை தானா என்டர் தட்டியிருக்குதுங்க. அதான் தெரியாம போச்சு."

"இன்னொரு தடவை டெஸ்ட் பண்ணியிருக்கலாமே சார்?"

நான் ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்டதுபோல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திண்டிவனத்தில் இறங்கியதும், "ரொம்ப நன்றிங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார். நான் சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தேன். பாதி தூரம் போனவர் திரும்பி வந்து எதிரில் நின்றார்.

"ரொம்ப நன்றிங்க."

"சொல்லிட்டீங்க சார்."

"தெரியும்" என்றார்.

எனக்கென்று தனியாக ஒரு வணக்கம் கிடைக்கவில்லையே என்ற குறை அன்றோடு தீர்ந்தது.