சுண்ணாம்பு சார் உட்கார்ந்த காலை

தமிழ்நாட்டிலேயே நிதானத்தைப் பற்றி அதிகம் பேசியவரும், அது துளியும் இல்லாதவரும் ஒரே ஆள்தான். அடையாறில் நான் கணக்குப் பிரிவில் இருந்த ஆய்வுக்கூடத்தில் அவருக்குப் பெயர் சுண்ணாம்பு சார்.

சுண்ணாம்புக்கல்லை உலையில் சுடுவதுதான் அவருடைய ஆராய்ச்சி. பக்குவமாகச் சுட்டால் கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகள் திறக்கும். அனல்மின் நிலையப் புகையிலுள்ள கந்தக வாயுவை அவை பிடித்து வைத்துக்கொள்ளும். சூடு மிஞ்சினால் துளைகள் அடைபட்டுப்போகும், கல் வீண்.

"மெதுவா சுடணும்யா, மெதுவா!" என்று வராந்தாவில் ஓடிக்கொண்டே சொல்வார். சைதாப்பேட்டை பஸ் தாமதமானால் எதிர்த்திசை பஸ்ஸில் ஏறிவிடுவார். கேட்டால், "சும்மா நிக்கறதுக்கு இது தேவலாம்."

கேன்டீன் கன்னியப்பன் கெஞ்சுவார்: "இன்னா சார், டீயாவது குந்திக்கினு குடியேன்!"

"குந்தினா ஆறிடும்பா."

ஒருநாள் மின்நிலைய அதிகாரிகள் சோதனையைப் பார்க்க வந்தார்கள். அவர்களுக்குத் திருப்தியானால்தான் ஆராய்ச்சி தொடரும். சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து நின்றார்கள். சாருக்குக் கை பரபரத்தது. உலையின் சூட்டைச் சர்ரென்று ஏற்றிவிட்டார்.

சுட்ட கல்லின் வழியாக வாயுவைச் செலுத்தினால், போனது போனபடியே வெளியே வந்தது. வெளியேறும் வாயுவை அளக்கும் மீட்டரின் முள் எகிறியது.

"கல்லு மட்டமோ?" என்றார் ஓர் அதிகாரி.

"ஆமாமா, கல்லுதான்!" என்று எங்கள் டைரக்டர் அதைப் பிடித்துக்கொண்டார்.

"கல்லு நல்ல கல்லு சார். நான்தான் அவசரப்பட்டுட்டேன். நாளைக்கு வாங்க, காட்டறேன்" என்றார் சுண்ணாம்பு சார். டைரக்டர் முகம் வெள்ளையடித்த சுவராகிவிட்டது.

மறுநாள் காலை உலைக்கு எதிரே அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கைகள் இரண்டும் தொடைக்கடியில். கால் மட்டும் தையல் மிஷின் மிதித்துக்கொண்டிருந்தது. ஆபீஸே வாசலில் கூடி வேடிக்கை பார்த்தது.

"கொஞ்சம் நடந்துட்டு வாங்களேன் சார்" என்றேன் நான்.

"எழுந்தா கை சூட்டை ஏத்துற திருகுக்குப் போயிடும்யா. நீ கொஞ்சம் என்னைப் பிடிச்சுக்கோ."

அன்று மதியம் அதிகாரிகள் பார்க்கப் பார்க்க மீட்டர் முள் அசையவே இல்லை. ஆராய்ச்சி பிழைத்தது. எனக்கு மனதில் நிற்பது அந்தக் காலைதான்: என் மேஜையில் வேலை குவிந்து கிடக்க, அவர் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டு, அவருடைய சட்டை நுனியைப் பிடித்தபடி நானும் உட்கார்ந்திருந்தேன்.